கேமிங் கம்ப்யூட்டருக்கும் நேம் பிளேட் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறையில் இருபத்தாறு வருஷமாக மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம், கேரளா என்றாலும் எங்கள் பக்கம் வீட்டிலும் தோட்டத்திலும் பேச்சு தமிழ்தான். உங்கள் நாளிதழ் கோயமுத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாக வரும் காலை பஸ்ஸில் வந்து, என் கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் இறங்குகிறது. கட்டு பிரிப்பதற்குள் நான் ஒன்றை உருவி எடுத்துவிடுவேன்.

கேமிங் கம்ப்யூட்டரை ரெடிமேடாக வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கிச் சேர்ப்பதா என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையை மூன்று தடவை படித்தேன். நாமே சேர்த்தால் கொஞ்சம் பணம் மிச்சம், ரெடிமேட் என்றால் தலைவலி இல்லை என்று முடித்திருந்தார்கள். தலைவலி இல்லை என்று எழுதியிருந்ததே, அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இரண்டு வழியிலும் போய் வந்தவன் நான். முதல் தடவை 48,000 ரூபாய் போனது.

2022 ஓணத்துக்கு முன்பு மகன் பிளஸ் ஒன் சேர்ந்த சமயம். கோயமுத்தூரில் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக விளக்கு எரிய ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். "ஐ5 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ், 450 வாட் எஸ்எம்பிஎஸ். ரெடிமேடே எடுத்துக்குங்கண்ணா, உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல" என்றார் கடைத் தம்பி. எஸ்எம்பிஎஸ் என்றால் வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. மகன் முகத்தைப் பார்த்தேன், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். பில்லில் ஒரே ஒரு வரி: அசெம்பிள்டு கம்ப்யூட்டர், எண்ணிக்கை 1.

பதினாலு மாசம் ஓடியது. 2023 ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம், மழையும் இல்லை இடியும் இல்லை, 'டப்' என்று ஒரு சத்தம். கருகிய வாடை. எனக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும், தினமும் கடையில் முகர்வதுதான். அப்புறம் எந்த ஸ்விட்சைப் போட்டாலும் அசைவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், எஸ்எம்பிஎஸ் போகும்போது எல்லாப் பாகமும் சொருகும் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது என்றார்கள். வாரண்டி கேட்டேன். பில்லில் எந்தப் பாகத்தின் பெயரும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை, எந்தக் கம்பெனியிடம் போய் நிற்பது? வீட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னால் "கேரளாவுக்கு எங்க ஆள் வரமாட்டாங்கண்ணா" என்றார்கள். பாலக்காட்டில் ஒரு இடத்தில் விசாரித்தால் பில் தமிழ்நாட்டுப் பில் என்றார்கள். எல்லையில் குடியிருப்பவனுக்கு இது பழகிப்போன கதை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் வேலந்தாவளம் செக்போஸ்டில் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் வருவோம். இப்போது பொருள் தடையில்லாமல் வருகிறது, ரிப்பேர் மட்டும் எல்லையைத் தாண்டமாட்டேன் என்கிறது.

சரி, போனது போகட்டும் என்று அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கடை மேஜையில் வைத்துத் திறந்து பார்த்தேன். படிக்கும் யாரும் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் உள்ளே போய் டிசி ஆகும்போது 325 வோல்ட் வரை ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அது தங்கி நிற்கும், கை வைத்தால் ஆளையே அடித்துவிடும். நான் அதை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் தொட்டேன்.

உள்ளே பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. சூட்டை இறக்கும் ஹீட் சிங்க் என்ற பெயரில் தகர டப்பா கனத்தில் ஒரு தகடு. காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒயரை வளைத்து வைத்திருந்தார்கள். கெபாசிட்டரில் கம்பெனி பெயர் இல்லை. அப்புறம் வெளியே ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன், வாங்கின அன்றே படித்திருக்க வேண்டியது. பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட் லைன் 15 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கினால் 180 வாட். கம்ப்யூட்டரில் ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கரண்ட் போவது அந்த 12 வோல்ட் லைனில்தான். அதாவது மேலே எழுதியிருக்கும் 450-ல் பாதிகூட வேலைக்கு ஆகாது. ப்ராசஸரின் கதையும் அதேதான். ஐ5 என்று சொன்னார்களே, அது நான்காம் தலைமுறை, 2013-ல் வந்தது. 2022-ல் அதைப் புதுசு என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் மோட்டார் வந்து இறங்கினால் முதலில் பார்ப்பது நேம் பிளேட்டைத்தான். எத்தனை எச்.பி., எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை ஆர்பிஎம், சீரியல் நம்பர் என்ன என்று ஒரு சின்னத் தகட்டில் எல்லாமே அடித்திருக்கும். ஆழியாறு தண்ணீர் ஒழுங்காக வராத வருஷங்களில் இங்கே தென்னையைக் காப்பாற்றுவது போர்வெல் மோட்டார்தான். நேம் பிளேட் இல்லாத சப்மெர்சிபிளை எண்ணூறு அடியில் இறக்க எந்த விவசாயியும் சம்மதிக்க மாட்டார். அதே விவசாயி மகனுக்கு அறுபதாயிரத்தில் கம்ப்யூட்டர் வாங்கும்போது, '16 ஜிபி, 450 வாட்' என்று வாயால் சொன்னதை நம்பிப் பணத்தைக் கொடுக்கிறார். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

என் மகளால்தான் இரண்டாவது தடவை நடந்தது. அவள் இங்கே அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். கேரளத்துப் பள்ளிகளில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் ஐடி கிளப் நடக்கிறது. தமிழ்நாட்டு வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்: எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். அனிமேஷன், புரோகிராமிங், எலக்ட்ரானிக்ஸ், ஹார்டுவேர் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். பள்ளிக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான். அங்கே பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளைத் தொட்டவள் வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. அத்துடன் கார் பந்தயமும் கால்பந்தும் விளையாட வேண்டும். இரண்டுக்கும் ஒரே கிராபிக்ஸ் கார்டுதான் வேலை செய்கிறது. விளையாட்டில் மைதானத்தை வரையும் அதே கார்டு, பிளெண்டரில் அவள் செய்த தென்னந்தோப்பையும் வரைகிறது.

கேமிங் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் தெருவில் பலர் பதறினார்கள், என் அம்மாகூட. ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் அழிந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தமிழ்நாடு அதற்கென்று சட்டம் போட்டது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்தது. அந்தச் சட்டங்களை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அது சூது, இது விளையாட்டு. செய்தித்தாள்கள் இரண்டுக்கும் 'கேமிங்' என்ற ஒரே சொல்லைப் போடுவதால், பந்தயக் கார் ஓட்டும் பிள்ளையைக்கூடப் பெற்றோர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். உங்கள் பத்திரிகையாவது இதைப் பிரித்து எழுத வேண்டும்.

2025 மே மாதம் நானும் மகளும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவள் ஒரு நோட்டில் எழுதினாள். ப்ராசஸர் ரைசன் 5 5600. அதற்கு பி550 மதர்போர்டு. ரேம் 8 ஜிபி இரண்டு. சேமித்து வைக்க 1 டிபி எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி. 550 வாட் எஸ்எம்பிஎஸ். முன்பக்கம் வலை வைத்த கேபினட். நான் கேட்ட முதல் கேள்வி, எத்தனை கரண்ட் இழுக்கும்? ப்ராசஸர் 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் 76 வரை போகும். கார்டு 115. போர்டு, ஃபேன், மற்றதெல்லாம் சேர்த்து ஒரு 40. மொத்தம் 230 வாட் சுமார். ஒரு எச்.பி. என்றால் 746 வாட். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வைத்திருக்கும் அரை எச்.பி. மோட்டாரைவிடக் குறைவு. அந்த நிமிஷமே எனக்குப் பயம் போய்விட்டது. தெரியாத சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் வோல்ட், ஆம்பியர், சூடு, காற்று, அவ்வளவுதான்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். லேபிளில் 12 வோல்ட் லைன் 45 ஆம்பியர், அதாவது 540 வாட். 550 என்று சொன்னதும் உண்மை. '80 பிளஸ் ப்ரோன்ஸ்' முத்திரை இருந்தது. பாதி லோடில் ஓடும்போது இழுக்கிற கரண்டில் 85 சதவீதமாவது வேலைக்குப் போகும், மிச்சம்தான் சூடாகும் என்பது அதன் அர்த்தம். கையில் எடுத்தாலே கனம் தெரிந்தது. பழைய 450 வாட்டை ஒரு கையிலும் இதை இன்னொரு கையிலும் வைத்துப் பார்த்தேன். காப்பர் இருக்கிற இடத்தில் கனம் இருக்கும்.

இதே பாகங்களுக்கு நிகரான ரெடிமேடுக்கும் விலை கேட்டோம். மகள் சொன்னாள், "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்கப்பா, அப்பத்தான் நியாயம்." ஒரு கடையில் 76,000 சொன்னார்கள். நாங்கள் பாகமாகப் போட்ட கணக்கு 64,000-க்குள் வந்தது. பணத்தைவிட எங்களை முடிவெடுக்க வைத்தது அவர்கள் தந்த கொட்டேஷன். ரேம் 16 ஜிபி என்று இருந்ததை எத்தனை குச்சி என்று கேட்டால், ஒன்று என்றார்கள். ஒரே 16 ஜிபியைப் போட்டால் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் ஒரு வழிதான். 8 ஜிபி இரண்டு போட்டால் இரண்டு வழி. ஒன்றரை இன்ச் பைப் இரண்டு போடுகிற இடத்தில் ஒன்று போட்டு மூடுவது மாதிரி. பார்க்கிறவனுக்கு 16 என்ற எண் மட்டும் தெரியும். எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி என்று கேட்டதற்கு, "நல்ல கம்பெனிதாங்க" என்று பதில். எழுதித் தரச் சொன்னேன், எழுதவில்லை. அங்கேயே கிளம்பிவிட்டோம்.

பெரிய கம்பெனிகளின் ரெடிமேட் பெட்டிகளையும் பார்த்தோம். அவற்றில் மோசடி இல்லை, பெயர் இருக்கிறது, ஆள் வீட்டுக்கே வருவார் என்று எழுத்தில் தருகிறார்கள். ஆனால் சில மாடல்களில் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அவர்களுக்கென்றே செய்த அளவு. 1995-ல் ஏடிஎக்ஸ் என்று ஒரு பொது அளவு வந்தது, ஸ்க்ரூ துளை எங்கே, பிளக் எப்படி என்று உலகம் முழுக்க ஒன்றாக. அதனால்தான் ஒரு கம்பெனி போர்டில் இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ் பொருந்துகிறது. அந்த அளவை விட்டு விலகிய பெட்டியில் வாரண்டி முடிந்த மறுநாள் எஸ்எம்பிஎஸ் போனால், அதே கம்பெனி, அதே மாடல்தான் தேட வேண்டும். ஸ்டாம்பிங் (உள்ளே அடுக்கும் இரும்புத் தகடு) வித்தியாசமான சில மோட்டார்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஸ்பேருக்குக் காத்திருக்கும் விவசாயிகளை நான் பார்க்கிறேன். தென்னை காயும், மோட்டார் என் கடையில் கிடக்கும்.

ஆக, ஜூன் முதல் வாரம் கோயமுத்தூர் காந்திபுரத்துக்கு பஸ் ஏறினோம். வேறு கடை, நடுத்தர வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மகள் நோட்டை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, "அண்ணா, பாப்பா எழுதியிருக்கறதுல ஒண்ணையும் மாத்த வேண்டியதில்ல" என்றார். பில் போடும்போது நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் எழுத வேண்டும். முகம் சுளிக்காமல் எழுதித் தந்தார். ஏழு வரிப் பில். எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டினோம், பில் இல்லாமல் ஆயிரம் இரண்டாயிரம் குறைக்கும் பேச்சே எடுக்கவில்லை. அந்தப் பில்தான் என் நேம் பிளேட்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு மகள் சேர்த்தாள், நான் டார்ச் பிடித்தேன். இந்த ப்ராசஸரில் அடியில் ஊசி ஊசியாகக் கால்கள் இருக்கும். ஒன்று வளைந்தாலும் போச்சு. மூலையில் ஒரு தங்க முக்கோணம் இருக்கிறது, போர்டிலும் அதே குறி. இரண்டையும் ஒன்று சேர்த்து வைத்தால் தானாக உட்காருகிறது, அமுக்கவே கூடாது. எங்கள் கணவாய்க் காற்று உலர்ந்து அடிக்கிற மாதங்களில் சட்டையைக் கழற்றினாலே பொறி பறக்கும். அந்தப் பொறி இதற்கு ஆகாது. அதனால் அடிக்கடி எர்த் உள்ள இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும். ரேம் இரண்டையும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது பள்ளத்தில் போட வேண்டும் என்று போர்டு புத்தகத்தில் இருந்தது. ப்ராசஸருக்குப் போகும் எட்டுப் பின் பிளக்கும் கார்டுக்குப் போகும் எட்டுப் பின் பிளக்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்று நாலும் நாலுமாகப் பிரியும், இன்னொன்று ஆறும் இரண்டுமாகப் பிரியும். மாற்றிச் சொருகப் பார்த்தால் போகாது, போகாததைத் தள்ளக் கூடாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஆசையில் தள்ளிவிடுவார்கள்.

மூன்றரை மணி நேரம் ஆனது. ஸ்விட்ச் போட்டோம். ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் இல்லை. மகள் கண் கலங்கிவிட்டது. எனக்கும் 2023 ஐப்பசி ஞாபகம் வந்து நெஞ்சு அடைத்தது. ரேமைக் கழற்றி மாட்டினோம், கார்டைக் கழற்றி மாட்டினோம். அரை மணி நேரம் கழித்து அவளே கண்டுபிடித்தாள். மானிட்டர் ஒயரை மதர்போர்டில் இருக்கும் துளையில் சொருகியிருந்தோம். 5600 ப்ராசஸருக்குள் படம் வரையும் பகுதியே கிடையாது. கார்டின் துளையில்தான் சொருக வேண்டும். சொருகியதும் படம் வந்தது. அவள் கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார்.

அதற்கப்புறமும் இரண்டு விஷயம் இருந்தது, யாரும் சொல்லாததால் பல வீடுகளில் கவனிக்காமலே இருக்கும். 3200 வேகம் என்று வாங்கிய ரேம், பயோஸில் (விண்டோஸ் வரும் முன்பே திறக்கும் செட்டிங் திரை) போய் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யும் வரை அந்த வேகத்தில் ஓடாமல் இருக்கலாம். 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 தடவை படம் மாற்றும் மானிட்டர் வாங்கியிருந்தாலும் செட்டிங்கில் மாற்றும் வரை 60-லேயே நிற்கலாம். ரெடிமேட் வாங்கியவர்களும் இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியது. எந்த ஃபேனும் அறையில் இருக்கும் காற்றைத்தான் உள்ளே தள்ளும். அறையே 38 என்றால் கார்டு எங்கிருந்து குளிரும்? ஏசி போட்ட ஊர்களில் சோதித்துப் பார்த்து எழுதும் அளவுகள் ஓட்டு வீட்டுக்குப் பொருந்தாது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பெட்டி அழகாக இருக்கும், காற்று போகாது. மோட்டாருக்குக் கூலிங் ஃபேன் மூடியில் ஏன் துளை வைக்கிறார்கள்? எங்களுடையது வலை முகப்பு. உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், வெளியே தள்ள ஒன்று. தூசி ஃபில்டரை மாசம் ஒரு தடவை கழற்றிக் கழுவுகிறோம், காற்றுக் காலத்தில் இரண்டு தடவை. இந்த ப்ராசஸருக்குக் கம்பெனி சொல்லும் உச்சம் 90 டிகிரி. அடுத்த கோடையில் எப்படி என்று பார்க்க மகள் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறாள்.

கரண்ட் விஷயத்தில் என் தொழில் கைகொடுத்தது. முதலில் எர்த். பாதி வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகத்தான் இருக்கிறது. வீட்டு எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி, கம்பியை மாற்றி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைச் சொருகவிட்டேன். அப்புறம் யூபிஎஸ். 600 விஏ என்றால் 600 வாட் என்று நினைக்கிறார்கள், வழக்கமாக அதில் 360 வாட்தான் வரும். நம் இயந்திரம் மானிட்டரோடு சேர்த்து முழு லோடில் சுவரிலிருந்து 300 வாட் பக்கம் இழுக்கும். அந்த இடத்தில் 360 என்பது நெருக்கம். நான் 1000 விஏ வாங்கினேன். ஐப்பசி கார்த்திகையில் கிழக்கே மேகம் கறுத்தால் எதையும் நம்பாமல் பிளக்கையும் இன்டர்நெட் ஒயரையும் பிடுங்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.

பாகம் வாங்கிச் சேர்ப்பதே எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. என் மச்சான் கஞ்சிக்கோட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறார். 2025 நவம்பரில் மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்க என்னைக் கூட்டிப்போனார். அதற்குள் ரேம் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப் போய்க்கொண்டிருந்தது. டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விற்றுவந்த தன் குரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஜூனில் 3,800-க்கு நாங்கள் வாங்கிய ரேம் அதே கடையில் 9,000-ஐத் தாண்டி நின்றது. ஆனால் ஒரு ரெடிமேட் பெட்டி பழைய சரக்கு, பழைய விலை. பாகப் பட்டியலை எழுதிக் கேட்டோம், கொடுத்தார்கள். போர்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டும் பொது அளவு, ரேம் இரண்டு குச்சி. "கண்ணை மூடிட்டு எடுங்க மச்சான்" என்று சொன்னேன். இப்போது நன்றாக ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு விலை ஆகாயத்தில் இருந்த 2021-லும் இப்படித்தான், தனியாகக் கார்டு வாங்குவதைவிட முழுப் பெட்டியாக வாங்கியவர்கள் பிழைத்தார்கள். காலத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், ஆளையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். வீட்டில் பொறுமையாக உட்கார ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லாதவர் ரெடிமேட் வாங்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. ஆபீசுகளில் கழித்த பழைய கம்ப்யூட்டர்கள் மூட்டை மூட்டையாக வருகின்றன. அதில் ஒரு கார்டையும் கலர் விளக்கையும் மாட்டி 'ஐ7 கேமிங் பிசி, 25,000' என்று எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில் விற்கிறார்கள். ஐ7 என்ற பெயர் மட்டும் ஒன்றும் சொல்லாது, 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறையும் ஐ7தான். மைக்ரோசாப்ட் தரும் பட்டியல்படி விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். எண்ணைக் கேளுங்கள், ஐ7-க்குப் பின்னால் வரும் நாலைந்து இலக்கத்தைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். என் மகள் வீட்டில் லினக்ஸும் போட்டிருக்கிறாள். அவள் விளையாடுவதில் பாதி அதிலேயே ஓடுகிறது. ஆன்லைனில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள் கேட்கும் சில விளையாட்டுகள் மட்டும் லினக்ஸில் ஓட மறுக்கின்றன. அதற்காகக் காசு கொடுத்து விண்டோஸ் லைசென்ஸ் வாங்கினோம். திருட்டு விண்டோஸை இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் கடையில், ரேம் மட்டும் நிஜமாக இருக்கும் என்று எப்படி நம்புவது?

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். தொழில்நுட்பப் பக்கத்தில் 'எது சிறந்தது' என்று எழுதும்போது, கொட்டேஷனில் இருக்க வேண்டிய வரிகளையும் அச்சிடுங்கள்: ப்ராசஸரின் முழு எண், போர்டின் மாடல், ரேம் எத்தனை குச்சி என்ன வேகம், எஸ்எம்பிஎஸ் கம்பெனியும் 12 வோல்ட் ஆம்பியரும், கார்டின் முழுப் பெயர், ஒவ்வொன்றின் சீரியல் நம்பர், வாரண்டி எத்தனை வருஷம், அது எல்லைக்கு அந்தப் பக்கமும் செல்லுமா என்பது. வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிற அளவில் ஒரு கட்டம் போதும். கோயமுத்தூர் கடைக்காரர்களும் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார்கள். கேட்டு வருகிறவர்கள் பத்துப் பேர் ஆனால் பதினோராவது ஆளுக்கு அவர்களே எழுதிக் கொடுப்பார்கள்.

மகள் நோட்டில் எழுதிய பட்டியலின் நகலையும், எங்கள் ஏழு வரிப் பில்லின் நகலையும், 2022-ல் வாங்கிய ஒரு வரிப் பில்லின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கடைகளின் பெயரை மறைத்துவிட்டேன். இடம் இருந்தால் இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் தொழிலாளி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.